மகேஸ்வரி எழுந்து வந்த மத்தியானம்

ஒரு திருட்டு மெயிலைப் படித்து நான் அசந்துபோனதுண்டு. கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வியப்பு. எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவன் இவ்வளவு கச்சிதமாக எழுதிவிட முடியுமா என்று அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சர்வர், ஃபயர்வால் எல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இதே பிரிவை நடத்திவிட்டு நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த கருவிகளின் பெயர்கள்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். என் சர்வீஸில் ஒரே ஒரு மத்தியானத்தை மட்டும் சொல்கிறேன். முகப்பேர் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து இப்போது யோசித்தாலும் அந்த மத்தியானம் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

திருட்டு மெயிலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நானே எத்தனையோ முறை வகுப்பெடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். அனுப்பியவரின் முகவரியைப் பாருங்கள். உடனே செய், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். கேட்காத பரிசு வந்தால் தொடாதீர்கள். கேன்டீன் சுவரில்கூட இதை ஒட்டியிருந்தோம். எல்லாம் சரியான யோசனைகள்தான். இன்றைக்கும் சொல்ல வேண்டியவைதான். ஆனால் நான் சொல்லப்போகும் மெயிலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் தொழிற்சாலை அப்போதும் இதே இடத்தில்தான் இருந்தது. வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்து, ஒரகடம் பக்கம் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். மாதக் கடைசி என்றால் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கிளம்பும் ஒவ்வொரு லாரிக்கும் முன்தகவல் ஒன்று மெயிலில் போக வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் வாங்குபவர்கள் தங்கள் வாசலில் வண்டியை உள்ளே விடுவார்கள்.

அந்த மெயில்களை அனுப்பி பில் போடுகிறவள் மகேஸ்வரி. என்னைவிட வயதில் மிகவும் சின்னவள் என்பதால் ஒருமையில் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுதினால் அவளே சிரிப்பாள். வேப்பம்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வயல்கள் மனைகளாகிப் பல காலமாகிறது. மகேஸ்வரி பேக்கிங்கில் சேர்ந்து, அஞ்சல் வழியில் பி.காம் முடித்து, டெஸ்பாட்ச் பிரிவுக்கு வந்தவள். அவள் மேசையில் எப்போதும் இரண்டு தொலைபேசிகள் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் ஒரே பொறுமையோடு பேசுவாள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிய நேரம். அக்கவுன்ட்ஸ் தலைவர் சுடலைமுத்து சாரிடமிருந்து மகேஸ்வரிக்கு ஒரு மெயில் வந்தது. அவர் பெயரைப் போட்டு வேறு யாரோ அனுப்பியதல்ல. அவருடைய மெயில் பெட்டியிலிருந்தே வந்தது. போன வாரம் மழையில் நனைந்துபோன அட்டைப் பெட்டிகளைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த பழைய மெயில்களின் தொடர்ச்சியாகவே வந்தது. நனைந்த பெட்டிகளின் படங்களை வாங்குபவர்கள் அனுப்பியிருக்கிறார்கள், இன்றைய லாரி கிளம்புவதற்கு முன் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுதி, கீழே ஒரு இணைப்பு.

சுடலைமுத்து சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வைத்து முடிக்க மாட்டார். மூன்று புள்ளி வைப்பார். இந்த மெயிலிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று புள்ளி இருந்தது. நான் அசந்துபோனேன் என்றேனே, அது இந்த இடத்தில்தான். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் அவர் எழுதியதை அத்தனை கவனமாகப் படித்திருக்கிறான். கூட வேலை பார்க்கும் எங்களில் பாதிப் பேர் அதைக் கவனித்ததுகூட இல்லை.

மகேஸ்வரி இணைப்பைத் திறந்தாள். நம் மெயிலின் நுழைவுப் பக்கம் வந்தது. பாஸ்வேர்டைப் போட்டாள். படங்கள் வரவில்லை. மறுபடியும் அதே பக்கம்தான் வந்தது. கையில் வேலை குவிந்திருக்கும் எவரும் சலித்துக்கொண்டே இன்னொரு முறை போடுவார்கள். அவளும் விரலைக் கொண்டுபோனாள். கொண்டுபோனவள் நிறுத்தினாள். காலையில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் சாயங்காலம் வரை கேட்காதே, இப்போது ஏன் கேட்டது என்று ஓர் உறுத்தல். முகவரிப் பட்டையைப் பார்த்தாள். கம்பெனியின் பெயர் நடுவில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

உடனே இன்டர்காமில் சுடலைமுத்து சாரைக் கூப்பிட்டு, படம் அனுப்பினீர்களா என்று கேட்டாள். என்ன படம் என்றார் அவர். அவ்வளவுதான். போனை வைத்தாள். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள். எழுந்து என் அறைக்கு வந்தாள்.

நான் யாரோடோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் காத்திருக்கவில்லை.

"மேடம், என் பாஸ்வேர்டு திருடன் கைல போயிடுச்சி. நான்தான் குடுத்துட்டேன். இப்பவே எதுனா பண்ணுங்க."

இந்த மூன்று வாக்கியங்களின் மதிப்பு உங்களுக்குப் புரிய வேண்டுமானால், அன்றைய கம்பெனி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஸ்டோர்ஸில் ஒருவர் ஏதோ பரிசு மெயிலைத் திறந்துவிட்டார். ஒரு கம்ப்யூட்டர் கெட்டதைத் தவிர பெரிய நஷ்டமில்லை. ஆனால் அவருக்கு மெமோ கொடுத்து, அந்த மெமோவின் நகலை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார்கள். மற்றவர்கள் பயந்து ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நிர்வாகம் நினைத்தது. அவர்கள் பயந்தது உண்மைதான். ஆனால் மெயிலைத் திறக்க யாரும் பயப்படவில்லை. திறந்ததைச் சொல்லத்தான் பயந்தார்கள். அந்த மெமோவுக்குப் பிறகு எங்கள் அறைக்கு வந்து, நான் தவறாக ஒன்றைத் திறந்துவிட்டேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. மகேஸ்வரிதான் முதல் ஆள். அவளுடைய சம்பளத்தில்தான் அந்தக் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் என் மேசை முன்னால் நேராக நின்றாள். குரல் நடுங்கவில்லை.

நான் முதலில் அவளுடைய மெயில் பெட்டியை முடக்கினேன். அடுத்து சுடலைமுத்து சாருடையதை. அதற்குப் பிறகுதான் உண்மையான சங்கடம் வந்தது. இரண்டு பெட்டிகள் மட்டும்தானா? அவருடைய பெட்டிக்குள் ஆள் புகுந்திருக்கிறான் என்றால், வேறு யாருடைய பெட்டியிலும் இருக்கலாம். இரண்டை முடக்கியதும் அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். கையில் வேறு பெட்டிகள் இருந்தால் உடனே அவற்றை வைத்து வேலையைக் காட்டுவான். தொழிற்சாலை முழுவதற்கும் மெயிலை நிறுத்துவதுதான் பாதுகாப்பு. ஆனால் மாதக் கடைசி. வாசலில் லாரிகள். மெயில் இல்லை என்றால் ஒரு வண்டிகூட நகராது. நம் பாகங்கள் நேரத்துக்குப் போகாவிட்டால் அங்கே அவர்களுடைய உற்பத்தி நிற்கும்.

யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு எம்.டி.யிடம் சொல்லப் போனேன். கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்றிருந்தால் அந்தப் பேச்சிலேயே நேரம் போயிருக்கும். இப்படி முடிவெடுக்க வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். நிறுத்தியதை மறுபடி தொடங்கிவிடலாம், போன மெயிலைத் திரும்ப வாங்க முடியாது. அன்று என் மனதில் ஓடியது இது மட்டும்தான்.

எம்.டி.க்கு முகம் சிவந்துவிட்டது. அந்த இரண்டு பேருடைய பாஸ்வேர்டை மாற்றினால் போதாதா, எதற்கு ஊரையே நிறுத்தினீர்கள் என்று கேட்டார். எத்தனை பேருடைய பெட்டியில் அவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை, தெரியும்வரை திறக்க முடியாது என்றேன். யார் அந்தப் பெண் என்று கேட்டார். சொன்னேன். வாருங்கள், அவளிடமே கேட்போம் என்றார்.

நாங்கள் டெஸ்பாட்ச் அறைக்குப் போனபோது ஒரு லாரி டிரைவர் மகேஸ்வரியின் மேசை முன்னால் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, காலைலேர்ந்து கேட்டாண்டயே நிக்க வச்சிகினு கீறீங்க. எப்பதான் உடுவீங்க?" அவரை உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். எம்.டி. வருவதைப் பார்த்துப் பக்கத்துப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். சுடலைமுத்து சாரும் வந்து கதவோரமாக நின்றார்.

என்ன நடந்தது என்று எம்.டி. கேட்டார். அவர் கேட்ட தொனியிலேயே மெமோ இருந்தது.

மகேஸ்வரி தலையைக் குனியவில்லை. மெயில் வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். சார் பெயரில் வந்ததால் நம்பினேன் என்று சுடலைமுத்து சார் பக்கம் பழியைத் தள்ளியிருக்கலாம். அது நியாயமாகவும் இருந்திருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. அட்ரஸைப் பார்க்காமல் பாஸ்வேர்டைப் போட்டேன், போட்ட பிறகுதான் பார்த்தேன் என்றாள். அத்தனை பேர் முன்னால், கேட்காத கேள்விக்கும் சேர்த்து பதில் சொன்னாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"என்னை என்னா பண்ணணுமோ அப்புறம் பண்ணுங்க சார். என் பேர்ல எவனோ இப்ப எங்கயோ எழுதிகினு இருப்பான். அத மொதல்ல நிறுத்தணும்."

எம்.டி. பதில் சொல்வதற்கு முன்னால் கதவோரத்திலிருந்து சுடலைமுத்து சாரின் குரல் வந்தது. அவர் இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெற இருந்தவர். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, படித்து, நூம்பலில் வீடு கட்டிக் குடியேறியவர் சுடலைமுத்து சார். கணக்கில் ஒரு சின்னப் பிசகுகூட வராது என்று பெயரெடுத்தவர். அவர் எதிரில் அதிர்ந்து பேச எம்.டி.கூடத் தயங்குவார்.

"அந்தப் பிள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க. இது எங்கிட்டேருந்துதான் ஆரம்பிச்சிருக்கு."

அவர் சொன்னார். சில வாரங்களுக்கு முன்னால் அவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே பாஸ்வேர்டு போட்டால் இடம் கூட்டித் தருகிறோம் என்று. போட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே ஏமாந்துவிட்டோம் என்று புரிந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமானால் அப்போதைய விதிப்படி எங்கள் பிரிவுக்கு வந்து காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் எழுதினால் மெமோ. மெமோ என்றால் நோட்டீஸ் போர்டு. ஓய்வு பெறும் நேரத்தில் அதைத் தாங்க மனம் வரவில்லை. ஒன்றும் நடக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இருந்துவிட்டார்.

"தெனமும் காலையில பெட்டியத் திறக்கும்போது மொதல்ல அதான் ஞாபகம் வரும். ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னு ஓட்டிக்கிட்டேன். இந்தப் பிள்ள நிமிர்ந்து நின்னு சொல்லுது. என்னால இதுக்கு மேல நிக்க முடியல."

நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. மகேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள்.

தம்பி, தங்கைகளே, மெயிலைத் திறந்தவர்களில் யார் முட்டாள், யார் புத்திசாலி என்று பிரித்துப் பார்க்காதீர்கள். அன்று ஏமாந்த இருவரும் எங்கள் தொழிற்சாலையிலேயே மிகவும் கவனமானவர்கள். நான் பிரமித்தது வேறு ஒன்றில். ஒருத்தி சொன்னதைக் கேட்டு, வாரக்கணக்கில் வாயடைத்துக் கிடந்த இன்னொருவருக்குப் பேச்சு வந்துவிட்டது. என்னுடைய எந்த வகுப்பும், எந்தச் சுவரொட்டியும் செய்யாததை அவளுடைய சில வாக்கியங்கள் செய்துவிட்டன.

அவர் சொன்னதோடு நிற்கவில்லை. இன்னொன்றையும் நினைவுபடுத்திச் சொன்னார். எங்களிடம் அதிகமாக வாங்கும் ஒரகடம் கம்பெனியிலிருந்து கொஞ்ச நாளாக அவருக்கு மெயிலே வரவில்லை. மாதக் கடைசியில் பணம் பட்டுவாடா பற்றி வழக்கமாக எழுதுவார்கள். இந்த முறை இல்லை. அவர்களுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம்.

நான் ஓடிப்போய் அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே புகுந்தவன் சின்னதாக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அந்தக் கம்பெனியிலிருந்து வரும் எந்த மெயிலும் அவர் கண்ணில் படாமல், யாரும் திறக்காத ஒரு மூலைக்குத் தானாகப் போய்விடும். அந்த மூலையைத் திறந்தேன். சுடலைமுத்து சார் எழுதாத கடிதங்கள் அவர் பெயரில் அங்கே கிடந்தன. எங்கள் பழைய வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால், இந்த மாதப் பணத்தை வேறொரு கணக்கில் போடும்படி கேட்டிருந்தான். அந்தக் கம்பெனி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து மகேஸ்வரியும் உறுதி செய்தால்தான் மாற்றுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

அவனுக்கு மகேஸ்வரியின் பாஸ்வேர்டு எதற்குத் தேவைப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. வாரக்கணக்காக எங்களுக்குள் ஒருவனாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான். யார் யாருக்கு எழுதுவார், எப்படி எழுதுவார், எந்தப் பெட்டி எந்த மழையில் நனைந்தது, எல்லாம் அவனுக்குத் தெரியும். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றுகிறது. இவ்வளவு உழைப்பைப் போட்டு ஒருவன் திருடுகிறான். எழுத்துப் பிழையைத் தேடி அவனைப் பிடிக்க முடியாது.

அந்தப் பணம் போயிருந்தால் அந்த மாதம் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட்டிருக்க முடியாது. எம்.டி.க்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகேஸ்வரி சொல்லும்போது கடுகடுவென்று இருந்தவர், இப்போது அவள் மேசையின் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மெயில் இல்லை. இருந்தாலும் அதை யார் நம்புவார்? தொலைபேசிதான் மிச்சம். நான் பேசட்டுமா என்று எம்.டி. கேட்டார். வேண்டாம், அவர்களுக்கு மகேஸ்வரியின் குரல்தான் பழக்கம் என்று சுடலைமுத்து சார் சொன்னார். அவள் ரிசீவரை எடுத்தாள். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். ஒரகடத்தில் பட்டுவாடாவைப் பார்க்கும் அதிகாரி எடுத்தார். அவரை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. மகேஸ்வரி தன் பெயரைச் சொன்னதுமே அவர் சகஜமாக, உங்கள் மெயிலை இப்போதுதான் பார்த்தேன், உறுதி செய்துவிட்டீர்கள், பணம் போடச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

அவள் ஒயரைப் பிடுங்கிவிட்டு என் அறைக்கு நடந்து வந்தாளே, அந்த இடைவெளிக்குள் அவன் அவள் பெயரில் எழுதி அனுப்பியே விட்டிருந்தான். நான் பெட்டியை முடக்குவதற்கு முன்னால் வேலை முடிந்திருந்தது.

"சார், அது நான் போடல. என் பாஸ்வேர்டு திருட்டுப் போயிடுச்சி. தயவு செஞ்சி பணத்தப் போடாதீங்க" என்றாள்.

அந்த அதிகாரி, மெயிலில் வந்தது பொய் என்கிறீர்கள், இப்போது போனில் பேசுவது மட்டும் நிஜம் என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். எம்.டி. ரிசீவரை வாங்கக் கையை நீட்டினார். மகேஸ்வரி கொடுக்கவில்லை.

"நம்பாதீங்க சார். நீங்க கேக்கறது கரெக்டு. போனை வச்சிட்டு, உங்ககிட்ட ரொம்ப நாளா இருக்கற எங்க ஃபேக்டரி நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. மெயில்ல எதுனா நம்பர் வந்திருந்தா அதுக்குக் கூப்பிடாதீங்க. நான் இங்கயே உக்காந்துகினு இருக்கேன்."

அவர் வைத்துவிட்டார்.

அந்தக் காத்திருப்பை என்னால் அளந்து சொல்ல முடியாது. இயந்திரங்களின் சத்தம் மட்டும் ஷெட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. சுடலைமுத்து சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். டிரைவர் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். விஷயம் முழுதாகப் புரியாவிட்டாலும் பெரிதாக ஏதோ நடக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. தன்னை நம்ப வேண்டாம் என்று ஒருத்தி தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அந்தத் தொலைபேசியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த நிலையில் நான் இருந்திருந்தால் நம்புங்கள், நம்புங்கள் என்று கெஞ்சியிருப்பேன். திருடனும் அதைத்தானே செய்வான்? இது அவளுக்கு எப்படித் தோன்றியது என்று பிறகு கேட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் எனக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யோசித்தேன் மேடம் என்றாள்.

தொலைபேசி அடித்தது. வாசல் டெலிபோன் போர்டிலிருந்து இணைத்துக் கொடுத்தார்கள். அதே அதிகாரி. பணத்தை நிறுத்தி வைத்துவிட்டேன் என்றார். நம் தொழிற்சாலை ஆள் ஒருவர் நாளைக் காலை நேரில் வந்து எழுதிக் கொடுக்கும்வரை எந்தக் கணக்குக்கும் போகாது என்றும் சொன்னார். கடைசியில் மகேஸ்வரியின் பெயரைச் சொல்லி, நன்றிம்மா என்றார்.

எவரும் கை தட்டவில்லை. சுடலைமுத்து சார் எழுந்து வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு அவளுடைய இன்னொரு தொலைபேசியை எடுத்து, மற்ற கம்பெனிகளுக்கு அவரும் பேச ஆரம்பித்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டு, நாங்கள் ஏமாந்துவிட்டோம், எங்கள் பெயரில் வருவதை நம்பாதீர்கள், எங்கள் பழைய நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். லாரிகளின் முன்தகவலையும் அதே போனில் சொன்னார்கள். வெயில் தாழ்ந்தபோது முதல் லாரி எஸ்டேட் ரோட்டில் திரும்பியது.

மறுநாள் எம்.டி. மகேஸ்வரியைக் கூப்பிட்டு, எல்லா ஷிப்டிலும் நடந்ததைப் பேச வேண்டும் என்று கேட்டாராம். மீட்டிங்கில் எல்லாம் தனக்குப் பேச வராது, யாராவது வந்து கேட்டால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை. இருவருக்கும் மெமோ கிடையாது என்று மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பினார். பாஸ்வேர்டை மாற்றக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டோம்.

யாராவது வந்து கேட்டால் என்றாளே, கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி ஆட்கள் உட்காருவதை நானே பார்த்தேன். அவள் ஒளிக்காமல் சொல்வாள். சிலர் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கொஞ்ச நாளில் எங்கள் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மின்கட்டணம் கட்டவில்லை, இன்று இணைப்பைத் துண்டிப்போம் என்று வந்த செய்தியைக் காட்ட வாட்ச்மேன் வந்தார். பார்சல் வந்திருக்கிறது என்று வந்த இணைப்பைத் தொட்டுவிட்டதாகச் சொல்லிக் கேன்டீன்காரர் வந்தார். பாதி வெறும் பயம். மீதியில் சில உண்மையிலேயே ஆபத்தானவை. ஒருவரையும் நாங்கள் ஏன் திறந்தாய் என்று கேட்கவில்லை. எப்போது திறந்தாய் என்று மட்டும் கேட்டோம்.

நீங்கள் வேலை பார்க்கும் காலத்தில் திருடர்கள் எங்கள் காலத்தவர்களைவிடத் திறமைசாலிகள். மெயிலை மட்டுமல்ல, இப்போது குரலையும் அச்சாகச் செய்துவிடுகிறார்களாம். அப்படியானால் மகேஸ்வரியின் குரல் பழக்கம் என்று நாங்கள் அன்று நம்பியதுகூட இனி போதாது. வைத்துவிட்டு, தெரிந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிடுவது மட்டும் இன்னும் வேலை செய்யும். உங்கள் கருவிகளால் நிறையத் தடுப்பீர்கள். தடுக்க முடியாத ஒன்று எப்போதும் உள்ளே வரும். அன்று உங்கள் கதவைத் தட்ட ஒருவருக்குத் தைரியம் இருக்குமா என்பது, அதற்கு முந்தைய ஆளை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு முற்பகல். மெஷின் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர் தன் போனைக் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் எம்.டி. நிற்கிறார். லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அதன் ஒயர் தரையில் இழுபட, தனியாக வந்திருந்தார். நான் எழுந்தேன். எதிரில் இருந்தவர் பதறிப்போய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

எம்.டி. அவரை உட்காரச் சொன்னார். முதலில் இவருடையதைப் பாருங்கள், இவர்தானே முன்னால் வந்தவர் என்று சுவரோரமாக நின்றுகொண்டார். அவர் முகத்தில் கூச்சமும் பயமும் இருந்தன. நான் அந்தப் போனில் பார்க்க வேண்டியதைப் பார்த்து அனுப்பிவிட்டு, அவருடைய லேப்டாப்பை வாங்கி மேசையில் வைத்தேன்.

"எப்ப சார்?" என்று கேட்டேன்.

"இப்பத்தாம்மா. நேரா இங்கதான் வர்றேன்."